புத்தகத்தில் இல்லாத கணக்கு

ஜூன் 20

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். அப்பா சுகம். அப்பாவுக்கு டிப்போவில் இப்போது பகல் ஷிப்ட். பஸ் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் விடுதிச் சப்பாத்தி இன்னும் அட்டை மாதிரிதான் இருக்கிறதா?

எனக்குக் கணக்கில் உதவி வேண்டும். நான் காய்ச்சலென்று பள்ளிக்குப் போகாமல் இருந்த நாட்களில் பின்னமும் தசமமும் நடத்தி முடித்துவிட்டார்கள். டீச்சர் போர்டில் 0.5, 0.45 என்று எழுதி எது பெரியது என்று கேட்டார். நான் 0.45 என்றேன். ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரியதுதானே? எல்லோரும் சிரித்தார்கள். 3/8ஐத் தசமமாக எழுதவும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டால், "அம்மாகிட்ட கேளு" என்கிறார். அம்மா, "எங்க காலத்துல இதெல்லாம் இல்ல" என்கிறாள். பள்ளிக்கூடம் இருந்ததா இல்லையா என்று கேட்கவில்லை.

போனில் கேட்கலாம்தான். அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். கடிதம்தான் நல்லது. வகுப்பில் எனக்கு இப்போது 'பன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

உங்கள்
சுண்டெலி


ஜூலை 5

என் சுண்டெலிக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் திட்டி முடிக்கட்டும் என்று பிரிக்காமல் வைத்திருந்தேன். நான் நலமாக இருக்கிறேன். சப்பாத்தி அட்டையிலிருந்து தகரத்துக்கு முன்னேறிவிட்டது.

கணக்குக்கு வருவோம். 0.5க்குப் பின்னால் ஒரு சைபர் போடு. 0.50 ஆகும். மதிப்பு மாறாது. இப்போது ஐம்பதையும் நாற்பத்தைந்தையும் பார். புள்ளிக்கு அந்தப் பக்கம் நீளமாக இருப்பதெல்லாம் பெரியதல்ல. எங்கள் சூப்பர்வைசருக்கு நீளமான பெயர்; ஆள் என் தோள் உயரம்.

3/8க்கு என் அளவு டேப்பை எடுத்துக்கொள்கிறேன். ஒரு அங்குலத்தில் எட்டுச் சின்னக் கோடுகள். ஒரு கோடு 1/8. ஒன்றை எட்டால் வகுத்தால் 0.125. மூன்று கோடு என்றால் அதை மூன்றால் பெருக்கு: 0.375. அவ்வளவுதான். நாங்கள் இங்கே சட்டை முழுவதையும் இந்தக் கோடுகளை வைத்துத்தான் வெட்டுகிறோம்.

என்ன காய்ச்சல்? அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லையே. 'பன்' என்று ஏன் பெயர் வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கீழேயே ரொட்டிக் கடை. தின்பதைக் கொஞ்சம் குறை.

அன்புடன்
சித்தி


ஜூலை 21

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். அப்பா சுகம். நீங்கள் சொன்ன மாதிரி செய்ததில் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். டீச்சர் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். டேப் என்று சொன்னேன்.

இப்போது புதிதாக இரண்டு கணக்கு. புத்தகத்தில் இல்லை. டீச்சரே யோசித்துக் கொடுத்தது.

ஒன்று. ஒருவருடைய எடை 56 கிலோ. இரண்டே மாதத்தில் 63 கிலோ ஆகிவிட்டது. எத்தனை பங்கு கூடியது? பின்னத்திலும் தசமத்திலும் எழுதுக.

இரண்டு. அவர் தினமும் 4 மாத்திரை சாப்பிடுகிறார். வாரத்துக்கு அரை மாத்திரை குறைத்துக்கொண்டே வந்தால் எத்தனை வாரத்தில் மாத்திரையே இல்லாமல் போகும்? வாரத்துக்கு 0.75 குறைத்தால்?

பாதியால் வகுக்கும்போது விடை பெரிதாக வருகிறது. வகுத்தால் சின்னதாகத்தானே ஆக வேண்டும்? அதையும் விளக்குங்கள்.

இந்தக் கணக்கைப் பற்றி அம்மாவிடம் எதுவும் கேட்காதீர்கள். வீட்டுப்பாடத்தை நானே செய்யாமல் உங்களைக் கேட்டேன் என்று திட்டுவாள். சீக்கிரம் எழுதுங்கள். டீச்சர் அவசரம் என்றார்.

உங்கள்
சுண்டெலி


ஆகஸ்ட் 3

என் சுண்டெலிக்கு,

நான் சுகம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி மூட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கறை கம்பெனிக்காரர்களுக்கு எங்களைப் பார்ப்பதில் இல்லை. நீங்கள் மூன்று பேரும் நலம்தானே?

முதல் கணக்கு: கூடியது 7. 56இல் 7 என்றால் 1/8. தசமத்தில் 0.125. இரண்டாவது: அரையால் வகுப்பது என்றால், நாலுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று எண்ணுவது. எட்டு இருக்கிறது. அதனால்தான் பெரிதாகிறது. ஆகவே எட்டு வாரம். 0.75 என்பது முக்கால். நாலை 4/3ஆல் பெருக்கு. 16/3, அதாவது 5⅓. ஆறாவது வாரத்தில் டப்பா காலி.

இப்போது என் கேள்வி. மாம்பழம், கயிறு, தண்ணீர்த் தொட்டி என்று கணக்குக்கு எத்தனையோ இருக்க, உன் டீச்சர் ஏன் மாத்திரைக்குப் போனார்? அந்த 'ஒருவர்' யார்? ஒரு கணக்குக்கு என்ன அவசரம்?

பதில் எழுது. மறைக்காமல் எழுது.

அன்புடன்
சித்தி


ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கமாக எழுதுகிற வரி என்று தாண்டிப் போகாதே. உண்மையாகவே கேட்கிறேன்.

உனக்கு என்ன உடம்பு? இரண்டு மாதத்தில் ஏழு கிலோ ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினம் நாலு மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும் தெரியும். எப்படி என்று கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம், நீ எப்படி இருக்க" என்று பந்தை என் பக்கமே தட்டிவிடுகிறாய். சுண்டெலியிடம் கொடு என்றால் தூங்குகிறாள் என்கிறாய். பட்டப்பகலில் எந்தக் குழந்தை தூங்கும்? அவள் என்னிடம் ஏதாவது உளறிவிடுவாள் என்று பயப்படுகிறாய்.

தைராய்டா? வேறு ஏதாவதா? உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை


ஆகஸ்ட் 22

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். என் எடை எப்போதும் இருப்பதுதான். எனக்கு மாத்திரை எதுவும் இல்லை. நீ தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாததையெல்லாம் கற்பனை செய்யாதே.

சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் ஆள் விட்டுப் பூசிக் கொடுத்தார். தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது. மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள். நாற்காலி இழுக்கும் சத்தம் தாங்கவில்லை.

இன்னொன்று. நீ அவளுக்குக் கணக்கு எழுதி அனுப்பியதைப் பார்த்தேன். இனி அனுப்ப வேண்டாம். பள்ளியில் சொல்லிக் கொடுப்பது போதும். பிள்ளை தலையில் தேவையில்லாததை ஏற்றாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். அப்பா சுகம்.

நீங்கள் போன தடவை எழுதியதை அம்மா பிரித்துப் படித்துவிட்டுப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டாள். நல்ல வேளை, அதற்கு முன்னால் நான் விடையை மட்டும் பார்த்துவிட்டேன். இனிமேல் கீழே ரொட்டிக் கடை மாமா பெயருக்கு எழுதுங்கள். அவர் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்.

வீட்டில் எல்லோரும் கிசுகிசு என்று பேசுகிறார்கள். நான் உள்ளே போனால் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். மழை நாளில்கூட.

கணக்கு. டீச்சர் கொடுத்ததுதான். 22 வயதுள்ள ஒருவர் நாலு மாத்திரையிலிருந்து வாரம் 0.75 குறைத்துக்கொண்டே வந்தார். 1¾ வரை இறங்கிவிட்டார். அப்புறம் எடை மறுபடி ஏறுகிறது. மறுபடியும் 4 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கணக்கு எங்கே தப்பு? விடையெல்லாம் சரியாகத்தானே இருந்தது?

இந்தத் தடவை அவர் வாரத்துக்கு ஒன்றரை குறைத்தால் சீக்கிரம் முடிந்துவிடும்தானே? 4 ÷ 1.5. எனக்கு 2⅔ வருகிறது. நானாகவே போட்டேன். சரியா?

உங்கள்
சுண்டெலி


செப்டம்பர் 26

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை வீட்டு முகவரிக்கு எழுதாமல் டிப்போவுக்கு எழுதுகிறேன். காரணம் உங்களுக்கே தெரியும்.

என் அக்கா தனக்கு ஒன்றுமில்லை என்கிறாள். அவள் சுவர் பூச்சைப் பற்றி எழுதும் அழகிலேயே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. உங்கள் வீட்டில் யாரோ மாத்திரை சாப்பிடுகிறார்கள். யாரோ ஊதிக்கொண்டே போகிறார்கள். அக்கா என்று நினைத்தேன். இப்போது அந்த ஆளுக்கு வயது இருபத்திரண்டு என்று தெரிய வருகிறது. என் அக்காவுக்கு முப்பத்தேழு. உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இருபத்திரண்டு வயதில், இரண்டு மாதத்தில் ஏழு கிலோ கூடி, டாக்டரிடம் போய் வருகிற ஆள் உங்களுக்கு யார்? வீட்டில் எல்லோரும் கிசுகிசுக்கும்படி என்ன நடந்தது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் பெற்றவர் நீங்கள். அவள் கண்ணில் எல்லாம் படுகிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
உங்கள் மைத்துனி


அக்டோபர் 10

அக்கா,

போனை வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தானிடம் பேசியதில் பாதி எனக்கே ஞாபகமில்லை. இந்நேரம் அவளைக் கூட்டிக்கொண்டு நீங்கள் இருவரும் மருத்துவமனையில் இருப்பீர்கள். இது உன் கைக்குக் கிடைக்கும்போது அவள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். வேறு மாதிரி நினைக்க எனக்குத் தெம்பில்லை.

எப்படித் தெரிந்தது என்று அத்தான் கேட்டார். டிப்போவுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு அவரிடமிருந்து பதில் வரவில்லை. நான் வேண்டாததையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை சட்டையின் முதுகுப் பக்கம் வெட்டினோம். துணிமேல் வைத்து வெட்டும் மாதிரி அட்டை முதுகுக்கு முழுதாக இருக்காது. பாதி முதுகுதான் வரைந்திருக்கும். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரம் அட்டையை வைத்து வெட்டிப் பிரித்தால் முழு முதுகாகும். புதிதாக வந்த பெண் அட்டையைக் காட்டி, "இவ்வளவு சின்னதா இருக்கே, யாருக்குக்கா இது, குழந்தைக்கா?" என்றாள். "பெரியவங்களுக்குத்தான். ரெண்டா மடிச்சிருக்கு" என்றேன். சொன்னதும் என் கை நின்றுவிட்டது.

இருபத்திரண்டைப் பாதியாக்கினேன். பதினொன்று. ஐம்பத்தாறைப் பாதியாக்கினேன். இருபத்தெட்டு. போன வருடம் நான் அவளை இடுப்பில் தூக்கியபோது அந்தக் கனம்தான் இருந்தாள். அவளுடைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். அம்மா சுகம், அப்பா சுகம். ஒன்றில்கூட நான் சுகம் என்று அவள் எழுதவில்லை. 'பன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாள். நான் ரொட்டியைக் குறை என்று எழுதினேன்.

வாரம் முக்கால் குறைத்தால் எப்போது முடியும் என்று என்னிடம் கேட்டாள். நான் கணக்குப் போட்டு அனுப்பினேன், அக்கா.

அவளுக்கு என்ன என்று இப்போதாவது சொல்.

உன் தங்கை


அக்டோபர் 27

அன்புள்ள தங்கைக்கு,

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. இரண்டு இட்லி சாப்பிட்டாள். உன்னைக் கேட்டாள்.

நீ போன் செய்த அன்று அவர் டிப்போவிலிருந்து வேலை உடுப்போடு பள்ளிக்குப் போனார். அவள் மேசைமேல் தலை சாய்த்து, எழுப்பினால் கண் திறக்காத அளவுக்குச் சோர்ந்து கிடந்தாளாம். பென்சில் டப்பாவைத் திறந்தால் பாதியும் காலுமாக மாத்திரைத் துண்டுகள். நான் கையில் கொடுப்பதில் ஒரு பங்கை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவிட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அந்த மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினால் உடம்பு அப்படியே விழுந்துவிடுமாம். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அவளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. உடம்புக்கு வேண்டிய சத்து சிறுநீரில் ஒழுகிப் போகிறது. அதனால் வீக்கம். மாத்திரையாலும் முகம் உப்புகிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று நிறுத்தப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் என்று நான்தான் சொன்னேன். சத்து மாத்திரை என்று சொன்னதும் நான்தான்.

ஏன் என்று கேட்பாய். நமக்கு நடுவில் ஒருவன் இருந்தான். நீ அப்போது கைக்குழந்தை. அவனுக்கும் கண்ணிமைதான் முதலில் வீங்கியது. அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் இருந்தான். அம்மா அந்த நோயின் பெயரை வீட்டில் யாரையும் சொல்ல விடவில்லை. டாக்டரும் அதே பெயரைச் சொன்னார். வாயால் சொன்னால் அது நம் வீட்டுக்குள் வந்துவிடும் என்று நினைத்தேன், வேறென்ன. உனக்கு எழுதினாலும் அதே கதைதான். அதனால்தான் சுவரைப் பற்றி எழுதினேன்.

நீ எழுதிய கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நான் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். பாவம், அந்த இருபத்திரண்டு வயதுக்காரியை அவரும் நாலு நாள் தேடியிருக்கிறார்.

அடுத்த மாதம் டாக்டரிடம் போகும்போது அவளையே உள்ளே கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அவளே கேட்கட்டும். என்னால் சொல்ல முடியாது.

உன் அக்கா


நவம்பர் 8

என் சுண்டெலிக்கு,

நீ எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எனக்கும் சோறு இறங்கியது.

உன்னைத் திட்ட நிறைய யோசித்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் கேட்கத் தோன்றுகிறது. என்னிடமாவது "இது நான்தான்" என்று எழுதியிருக்கலாமே? ஏன் இரண்டால் பெருக்கினாய்?

நீ கேட்டது எல்லாவற்றுக்கும் நான் சரியான விடை கொடுத்தேன். இனிமேல் யாருக்கு, எதற்கு என்று தெரியாமல் ஒரு கணக்கும் போட்டுக் கொடுக்க மாட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

லீவு கேட்டிருக்கிறேன். கட்டிங் மாஸ்டர் உறுமினார். கிடைத்துவிடும்.

அன்புடன்
சித்தி


நவம்பர் 29

அன்புள்ள சித்திக்கு,

அம்மா சுகம். அப்பாவுக்குச் சளி. எனக்கு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. நீங்கள் சுகமா?

ஏன் பெருக்கினேன் என்று கேட்டீர்கள். நான்தான் என்று எழுதியிருந்தால் நீங்களும் சத்து மாத்திரை என்றுதான் எழுதியிருப்பீர்கள். பெரியவர்கள் எல்லோரும் முதலிலேயே பேசி வைத்துக்கொண்டீர்கள் என்று நினைத்தேன். கணக்கு என்றால் யாரும் எனக்காக விடையை மாற்றிச் சொல்ல மாட்டார்கள். உங்களை ஏமாற்றியது தப்புதான்.

நேற்று டாக்டரிடம் போனோம். அம்மா வாசல்வரை வந்துவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்பது போல நின்றாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். டாக்டர் என் நோயின் பெயரைச் சொன்னார். ரொம்ப நீளம். எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

"பத்துல எட்டு பிள்ளைங்களுக்கு வளர வளர இது விட்டுப் போயிடும்" என்றார்.

"மீதி ரெண்டு பேரு?"

அம்மா என்னைக் கிள்ளினாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "கேட்கட்டும்மா" என்றார். "அவங்களுக்கு வேற மருந்து இருக்கு. கொஞ்சம் கஷ்டம். ரொம்ப நாளாகும்."

"நான் எட்டுல இருக்கேனா, ரெண்டுல இருக்கேனா?"

"அது எனக்கு இப்பத் தெரியாது."

சித்தி, இத்தனை மாதத்தில் ஒரு பெரியவர் என்னிடம் தெரியாது என்று சொன்னது அப்போதுதான். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. மாத்திரையை முழுதாகச் சாப்பிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். முகம் உப்பினால் உப்பட்டும். குறைக்க வேண்டிய நாள் வரும்போது எவ்வளவு என்று என்னிடமும் சொல்வதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அம்மா வெளியே பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமலே, "பத்துல எட்டுன்னா எவ்வளவு?" என்று கேட்டாள்.

"அஞ்சுல நாலு. தசமத்துல 0.8."

"அது பாதியைத் தாண்டிடுச்சா?"

"பாதி 0.5 தானேம்மா. தாண்டி எங்கேயோ போயிடுச்சு."

"ஒன்னுக்குக் கிட்டயா?"

"கிட்டத்தான். ஆனா ஒன்னு இல்ல."

அம்மா தலையாட்டினாள். புரிந்ததா என்று தெரியவில்லை. அவள் முந்தானையை என் மடியில் விரித்துப் பத்து மடிப்பு மடித்தேன். எட்டை ஒரு பக்கமும் இரண்டை ஒரு பக்கமும் தள்ளிக் காட்டினேன். அம்மா அந்த எட்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள். எங்கள் நிறுத்தத்துக்கு முன்னால், "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொல்லிக்கொடுத்தேன்.

உங்கள்
சுண்டெலி